சிறுமம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துளை

f(x) = (x³ − x² + 3x − 3) / (x² − 1)

இந்தச் சார்பின் வரைபடத்தை வரைய வேண்டும். தொலைத்தொடுகோடுகள் (வளைவு நெருங்கிக்கொண்டே போகும் கோடுகள்) எவை, துளை (ஒரே ஒரு புள்ளி விடுபட்ட இடம்) உண்டா, இடஞ்சார்ந்த பெருமமும் சிறுமமும் எங்கே, வீச்சகம் (சார்பு எடுக்கும் மதிப்புகள்) என்ன என்பதையும் எழுத வேண்டும். பிளஸ் டூ டியூஷனில் வகை நுண்கணிதப் பாடம் முடிந்ததும் நான் கொடுக்கிற கணக்கு இது. எண்கள் எல்லாம் சின்னவை, காரணிப்படுத்துவது சுலபம், வகைக்கெழு காண்பதிலும் சிரமம் கிடையாது. ஆனாலும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட இதில் முழு மதிப்பெண் வாங்குவது அபூர்வம். ஒரே ஒரு புள்ளிதான் காரணம். வரைபடத்தில் அந்தப் புள்ளி கிடையாது. ஆனால் கணக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கே வந்து நிற்கும். கணக்கையும், விடைத்தாள்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பிசகுகளையும் சேர்த்தே இங்கே பார்க்கிறேன்.

பகுதிக்கு இரண்டு பூஜ்யங்கள்

முதல் வேலை சார்பகம், அதாவது எந்தெந்த x-ஐப் போடலாம் என்பது. பகுதி x² − 1 = (x − 1)(x + 1). ஆகவே x = 1, x = −1 இரண்டும் சார்பகத்தில் இல்லை. வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் இந்த வரியைத் தாளில் எழுதிவிட வேண்டும். பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் யாரும் பின்னால் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

அடுத்து தொகுதி. இரண்டிரண்டு உறுப்பாகச் சேர்த்தால் x²(x − 1) + 3(x − 1), அதாவது (x − 1)(x² + 3). மேலேயும் (x − 1), கீழேயும் (x − 1). அடித்துவிடலாம்:

f(x) = (x² + 3) / (x + 1), இதில் x ≠ 1, x ≠ −1

இந்த இடத்தில் பலரும் (x − 1) என்ற காரணியோடு சேர்த்து x ≠ 1 என்ற நிபந்தனையையும் அடித்துவிடுகிறார்கள். "அதான் அடிச்சாச்சே சார், இனிமே அது எதுக்கு?" என்று ஒரு பையன் கேட்டான். "முதல்ல கொடுத்த கணக்குல 1 போட்டுப் பாருடா" என்றேன். மேலே 0, கீழே 0. பேசாமல் உட்கார்ந்து நிபந்தனையைத் திரும்ப எழுதினான்.

அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவைகளுக்கு 'விலக்கப்பட்ட மதிப்பு' கண்டுபிடிக்கச் சொல்லும்போது, கோவையை எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு பகுதியைப் பூஜ்யமாக்குவது எது என்றுதான் பார்க்கச் சொல்கிறோம். அதாவது முதலில் அடி, பிறகு பார். கோவையைச் சுருக்குகிற வேலைக்கு அது போதும். சார்பு என்று வரும்போது போதாது. எந்தெந்த x-க்கு விடை உண்டு என்பதும் சார்பின் ஒரு பாகம்தான். கொடுத்த வடிவம் 1-ஐ ஏற்கவில்லை என்றால், சுருக்கிய வடிவம் ஏற்கிறதே என்று சொல்லி அதை உள்ளே விட முடியாது. இரண்டு ஆண்டு பழகிய வரிசையைப் பிளஸ் டூவில் தலைகீழாக மாற்றச் சொல்கிறோம் என்பதை ஆசிரியர்களும் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

சரி, பகுதியின் இரண்டு பூஜ்யங்களுக்கும் என்ன ஆகிறது?

x = −1 இடத்தில் தொகுதி −8. பூஜ்யம் இல்லாத ஒன்றைப் பூஜ்யத்தை நெருங்குகிற ஒன்றால் வகுக்கிறோம், மதிப்பு எல்லை இல்லாமல் போகும். சுருக்கிய வடிவில் பார்த்தால், −1-க்குச் சற்று வலப்புறம் 4-ஐ மிகச் சிறிய மிகை எண்ணால் வகுக்கிறோம், அதனால் +∞, இடப்புறம் −∞. ஆகவே x = −1 ஒரு நிலைக்குத்துத் தொலைத்தொடுகோடு.

x = 1 இடத்தில் நடப்பதே வேறு. f(0.9) = 2.0053, f(0.99) = 2.00005, f(1.01) = 2.00005, f(1.1) = 2.0048. இரண்டு பக்கமும் அமைதியாக 2-ஐ நோக்கி வருகின்றன. எல்லை மதிப்பு 2. ஆனால் f(1) என்று ஒன்று இல்லை. (1, 2) ஒரு துளை. "பகுதி பூஜ்யமானால் தொலைத்தொடுகோடு" என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் இங்கேயும் ஒரு கோடு போட்டு, வரைபடத்தை மூன்று துண்டாக்கிவிடுகிறார்கள்.

இரண்டு வழியில் வந்த ஒரே தப்பு

எனக்கு மிகவும் சுவாரசியமாகப் பட்ட விடைத்தாள் ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுதியவள் கவனமான பெண். காரணிப்படுத்தாமல், கொடுத்த வடிவத்தை வைத்தே எல்லாவற்றையும் செய்திருந்தாள்.

x அச்சை எங்கே வெட்டுகிறது? தொகுதி பூஜ்யமாக வேண்டும். x³ − x² + 3x − 3 = 0. x = 1 போட்டால் சரியாக வருகிறது. எனவே (1, 0).

பிறகு நீள்வகுத்தல். தொகுதியின் படி பகுதியின் படியைவிட ஒன்று அதிகம், ஆகவே சாய்ந்த தொலைத்தொடுகோடு இருக்கும். x² − 1 ஆல் வகுத்தால் ஈவு x − 1, மீதி 4x − 4:

f(x) = x − 1 + (4x − 4)/(x² − 1)

y = x − 1 சாய்ந்த தொலைத்தொடுகோடு. இது சரி. வளைவு அந்தக் கோட்டை எங்காவது வெட்டுகிறதா என்றும் அவளே கேட்டுக்கொண்டாள். பலர் கேட்காத கேள்வி அது. மீதி பூஜ்யமாக வேண்டும், 4x − 4 = 0, x = 1, அப்போது y = 0. மறுபடியும் (1, 0)!

இரண்டு தனித்தனி வழிகளில் ஒரே புள்ளி கிடைத்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? பக்கத்தில் ஒரு டிக் மார்க்கே போட்டிருந்தாள். உண்மையில் இரண்டும் தனி வழிகள் இல்லை. தொகுதியைப் பூஜ்யமாக்கியதும், மீதியைப் பூஜ்யமாக்கியதும் அதே (x − 1) என்ற காரணிதான். சார்பகத்தில் இல்லாத இடத்தில் வளைவு எதையும் வெட்ட முடியாது.

சுருக்கிய வடிவில் இரண்டு கேள்விக்கும் விடை உடனே தெரிந்துவிடும். x² + 3 ஒருபோதும் பூஜ்யமாகாது. X அச்சை வளைவு தொடுவதே இல்லை. f(x) − (x − 1) = 4/(x + 1); இதுவும் பூஜ்யமாகாது; சாய்ந்த கோட்டையும் வெட்டுவதில்லை. −1-க்கு வலப்புறம் வளைவு கோட்டுக்கு மேலே, இடப்புறம் கீழே. x = 9 இல் வளைவு 8.4, கோடு 8, இடைவெளி 0.4. x = 99 இல் 0.04.

அதனால் நான் பிள்ளைகளிடம் சொல்வது: எந்தெந்த x கூடாது என்பதைக் கொடுத்த வடிவத்திலிருந்து எடு, மற்ற எல்லாவற்றையும் சுருக்கிய வடிவத்தில் செய், கடைசியில் கிடைத்த ஒவ்வொரு புள்ளியையும் முதலில் எழுதிய பட்டியலோடு ஒத்துப்பார். வீட்டுக் கணக்கில் எழுதாமல் விட்ட கைமாற்று மாதக் கடைசியில் எப்படியும் தலைகாட்டுவது போல, அடித்த காரணியும் எங்காவது வந்தே தீரும்.

பெருமம் உண்டு, சிறுமம் இல்லை

y = x − 1 + 4/(x + 1) என்ற வடிவத்தை வகையிட்டால்

f′(x) = 1 − 4/(x + 1)² = (x + 3)(x − 1)/(x + 1)²

சுருக்காமல் வகுத்தல் விதியைப் போட்டவர்களுக்குத் தொகுதியில் x⁴ − 6x² + 8x − 3 வந்து நிற்கும். அது (x − 1)³(x + 3) என்று கண்டுபிடிப்பதற்குள் தேர்வு நேரத்தில் பத்து நிமிடம் போய்விடும். கணக்கு தப்பில்லை, வீண் உழைப்பு.

f′(x) = 0 என்றால் x = −3 அல்லது x = 1. x = −3 இல் மதிப்பு −6. இரண்டாம் வகைக்கெழு 8/(x + 1)³ அங்கே குறை எண். ஆகவே (−3, −6) இடஞ்சார்ந்த பெருமம். சரியாகக் கிடைத்த திருப்தியில் கை தானாக அடுத்த வரியை எழுதும்: x = 1 இல் இரண்டாம் வகைக்கெழு 1, மிகை எண், ஆகவே (1, 2) இடஞ்சார்ந்த சிறுமம்.

இந்தக் கணக்கை நான் அமைத்ததே இந்த வரிக்காகத்தான். துளையை வேறு எங்கு வைத்திருந்தாலும் அது ஒரு ஓரமான விஷயமாகப் போயிருக்கும். ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். சிறுமம் வர வேண்டிய இடத்திலேயே வைத்ததால் விடையே மாறுகிறது. சார்பு (−1, 1) இடைவெளியில் இறங்குகிறது, (1, ∞) இடைவெளியில் ஏறுகிறது. இறங்கி ஏறுகிறது, ஆனால் சிறுமம் கிடையாது. 2-க்கு எவ்வளவு பக்கத்தில் வேண்டுமானாலும் போகலாம். 2 மட்டும் கிடைக்காது. 2-ஐவிடப் பெரிய எந்த மதிப்பைக் கொடுத்தாலும் அதைவிடச் சிறிய மதிப்பு பக்கத்திலேயே இருக்கும்.

யாராவது f(1) = 2 என்று தனியாக வரையறுத்துவிட்டால் துளை அடைபடும், சார்பு அங்கே தொடர்ச்சியாகும், சிறுமமும் வந்துவிடும். f(1) = 0 என்று வரையறுத்தால்? தொடர்ச்சி கிடையாது, ஆனால் சிறுமம் உண்டு, மதிப்பு 0. வகுப்பில் இதைச் சொன்னால் ஒரு சலசலப்பு எழும். சிறுமம் என்றால் வகைக்கெழு பூஜ்யமாகும் இடம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு நல்ல அதிர்ச்சி.

குழிவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. −1-க்கு வலப்புறம் மேல்நோக்கி, இடப்புறம் கீழ்நோக்கி. குறி மாறுகிறதே என்று x = −1 இல் வளைவு மாற்றப் புள்ளி என்று எழுதக் கூடாது; அங்கே புள்ளியே இல்லை.

வீச்சகம்

y = k என்று வைத்து எழுதினால் x² + 3 = k(x + 1), அதாவது x² − kx + (3 − k) = 0. மெய்த்தீர்வு இருக்கத் தன்மைகாட்டி (b² − 4ac) பூஜ்யமோ மிகையோ ஆக வேண்டும்:

k² − 4(3 − k) = k² + 4k − 12 = (k + 6)(k − 2) ≥ 0

k ≤ −6 அல்லது k ≥ 2. பெரும்பாலான தாள்கள் இதோடு முடிந்துவிடும். k = 2 என்று போட்டுப் பாருங்கள்: x² − 2x + 1 = 0, இரட்டை மூலம் x = 1. கிடைக்கிற ஒரே x சார்பகத்தில் இல்லை. k = −6 இல் x² + 6x + 9 = 0, x = −3; அது இருக்கிறது. எனவே வீச்சகம் (−∞, −6] ∪ (2, ∞). ஒரு பக்கம் சதுர அடைப்பு, மறுபக்கம் வளைவு அடைப்பு. இந்த ஓர் அடைப்புக்குறிக்கு நான் ஒரு மதிப்பெண் ஒதுக்கி வைத்திருப்பேன். கறாராகத் தெரியலாம், ஆனால் பையனுக்குத் துளை புரிந்ததா, சும்மா வட்டம் போட்டானா என்று அந்தக் குறியில்தான் தெரியும்.

கையால் வரைவது

புள்ளி அட்டவணை போட்டு இணைப்பவர்கள் −2, 0 இரண்டையும் எடுப்பார்கள். f(−2) = −7, f(0) = 3. ஸ்கேல் வைத்து இரண்டையும் இணைத்தால் நடுவே இருக்கும் தொலைத்தொடுகோட்டைத் தாண்டி ஒரு கோடு போகும். f(−1.5) = −10.5, f(−0.5) = 6.5 என்ற இரண்டு மதிப்புகளைக் கூடுதலாக எடுத்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும்.

என் வரிசை இது: முதலில் இரண்டு தொலைத்தொடுகோடுகளையும் புள்ளிக்கோடாகப் போட்டுவிடுவேன். x = −1, y = x − 1. இரண்டும் (−1, −2) இல் சந்திக்கும். பிறகு (1, 2) இல் உள்ளே நிரப்பாத வட்டம், (−3, −6) இல் நிரப்பிய புள்ளி, y அச்சில் (0, 3), துணைக்கு (3, 3), (−2, −7), (−5, −7). இவ்வளவு போதும், வளைவு தானே வந்து உட்காரும்.

உட்கார்ந்த பிறகு ஒரு விஷயம் கண்ணில் படும். (−1, −2) ஐ மையமாக வைத்து வரைபடத்தை 180 பாகை சுற்றினால் ஒரு கிளை மற்றதன் மேல் பொருந்தும். சுருக்கிய சமன்பாட்டை (x + 1)(y − x + 1) = 4 என்று எழுதலாம்; இது ஒரு அதிபரவளையம், 45 பாகைக் கோணத்தில் சந்திக்கும் இரண்டு தொலைத்தொடுகோடுகளோடு. கூம்பு வெட்டிகள் பாடத்தில் பார்த்த அதே உருவம், கொஞ்சம் சாய்ந்து கிடக்கிறது. அந்தச் சுற்றலில் (−3, −6) போய்ச் சேர வேண்டிய இடம் (1, 2). பெருமம் இருக்கிறது, அதன் ஜோடி இல்லை. முழு சமச்சீரும் ஒரே புள்ளியில் கெடுகிறது.

திரை என்ன காட்டும்

கணிதப் பொதுத் தேர்வில் கால்குலேட்டருக்கு இடமில்லை. ஆனால் வீட்டில் எல்லோரும் போனில் டெஸ்மோஸ் அல்லது ஜியோஜீப்ராவில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதில் தப்பில்லை, திரையில் தெரிவதுதான் சார்பு என்று நம்பிவிடுவதுதான் பிரச்சினை. முதல் பார்வைக்கு x = 1 இல் கோடு ஒரே ஓட்டமாகத்தான் போகும். ஒரு புள்ளிக்கு அகலம் கிடையாது. எவ்வளவு பெரிதாக்கினாலும் துளை பெரிதாகாது.

திரை எப்படி ஏமாறுகிறது என்பதற்கு அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாகப் புழங்கும் டிஐ-84 பிளஸ் என்ற வரைபடக் கால்குலேட்டர் நல்ல உதாரணம். அதன் கறுப்பு வெள்ளைத் திரையில் வரைபடத்துக்கு 95 நெடுவரிசைகள். −10 முதல் 10 வரை என்று வைத்தால் இடையே 94 இடைவெளிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.213. அந்தந்த இடத்தில் மட்டும் மதிப்பைக் கண்டு பக்கத்துப் புள்ளியோடு இணைக்கும். 1-க்குப் பக்கத்தில் அது பார்க்கும் இடங்கள் 0.851, 1.064. இரண்டிலும் மதிப்பு ஒழுங்காக 2-ஐ ஒட்டி இருக்கும், இணைத்துவிடும். துளை காணாமல் போனது.

−1-க்குப் பக்கத்தில் பார்ப்பவை −1.064, −0.851. மதிப்புகள் முறையே −64.7, 25.0. அதையும் விடாமல் இணைக்கும். மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய செங்குத்தாக ஒரு கோடு விழும். பார்ப்பவர், கால்குலேட்டரே தொலைத்தொடுகோட்டையும் போட்டுக் கொடுத்துவிட்டது என்று நினைப்பார். போட்டது அது இல்லை. வளைவின் இரண்டு கிளைகளைத் தெரியாமல் முடிச்சுப் போட்டிருக்கிறது. இருக்கிற துளையை மறைத்து, இல்லாத கோட்டைக் காட்டுகிறது. அதே கருவியில் −4.7 முதல் 4.7 வரை என்று வைத்தால் ஒவ்வொரு எட்டும் சரியாக 0.1, 1-உம் −1-உம் நேராக மாட்டும். பொய்க்கோடு மறையும், (1, 2) இல் ஒரு புள்ளி விடுபட்டுத் தெரியும்.

3-க்குப் பதில் 2.99

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர்களுக்கு நான் கொடுக்கும் அடுத்த கணக்கு, கடைசி எண்ணை மட்டும் லேசாக மாற்றியது:

h(x) = (x³ − x² + 3x − 2.99) / (x² − 1)

தொகுதியில் 0.01 கூடியிருக்கிறது. ஆகவே h(x) = f(x) + 0.01/(x² − 1). கூடுதலாகச் சேர்ந்தது மிகச் சின்னது; x = 2 இல் 0.0033. ஆனால் x = 1 ஐ நெருங்கும்போது அது சின்னதாக இருக்காது. 1.01 இல் ஏறக்குறைய 0.5, 1.001 இல் ஏறக்குறைய 5. இப்போது மேலே (x − 1) காரணி இல்லை, அடிக்க ஒன்றுமில்லை; x = 1 முழுமையான நிலைக்குத்துத் தொலைத்தொடுகோடு. வலப்பக்கம் +∞, இடப்பக்கம் −∞. ஊசிபோல் மெல்லிய பிளவு.

விளைவுகளைப் பாருங்கள். நடுத்துண்டு இப்போது −1 பக்கம் +∞ இலிருந்து தொடங்கி 1 பக்கம் −∞ வரை இறங்குகிறது. வழியில் x ≈ 0.9975 இல் x அச்சை வெட்டுகிறது. f தொடாத அச்சு அது. எல்லா மதிப்புகளையும் கடப்பதால் வீச்சகம் மெய்யெண்கள் முழுவதும். −6-க்கும் 2-க்கும் நடுவே இருந்த வெற்றிடம் போய்விட்டது.

டிஐ-84 பிளஸில் இரண்டு அச்சிலும் −10 முதல் 10 வரை வைத்து இரண்டையும் போட்டால் x = 1 அருகே வித்தியாசமே தெரியாது. அது பார்க்கும் 0.851 இல் மாற்றம் 0.036, 1.064 இல் 0.076, திரையின் ஒரு புள்ளி உயரமோ 0.32. ஒன்றில் துளை, மற்றதில் தொலைத்தொடுகோடு, திரையில் ஒரே படம். இரண்டையும் பிரித்துச் சொல்ல, கொடுத்த வடிவத்தின் தொகுதியில் x = 1 போட்டுப் பார்த்தால் போதும்: முதலாவதில் 0, இரண்டாவதில் 0.01.